ரேடியோ எரியவில்லை, மச்சான்

பொகவந்தலாவை,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சானுக்கு,

போன கிழமை நீ போனில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டினாய். நானும் "அடடா, அந்தக் குரல் அப்படியே இருக்குடா" என்று சொல்லி வைத்தேன். அது என்ன பாட்டென்று சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. இடது காது போய் இரண்டு வருசமாகிறது. வலது காதில் எந்நேரமும் ஓர் இரைச்சல். சிற்றலையில் ஸ்டேசன் பிடிபடாமல் முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்போமே, அதே இரைச்சல்தான். பேத்தி ஒரு மிஷின் வாங்கித் தந்தாள். மாட்டினால் குசினியில் சட்டி உருட்டுவது இடி மாதிரிக் கேட்கிறது, மனுசப் பேச்சு மட்டும் கேட்பதில்லை. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

வீட்டில் எல்லோரும் சுகம். மகன் கொழும்பில்தான், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான். நம் லயத்து வீட்டு வரிசையில் நீங்கள் இருந்த தொங்கல் காம்பராவில், அந்தக் கடைசி அறையில், இப்போது ஆளில்லை; கூரைத் தகரத்தில் பாதி காற்றோடு போய்விட்டது. பீலி இருக்கிறது, தண்ணீர்தான் நூல் மாதிரி விழுகிறது. ஏழாம் நம்பர் மலை காடாகிவிட்டது. சிறுத்தை படுத்திருக்கிறதென்று கொழுந்தெடுக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயப்படுகிறார்கள். நாம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஏறிய அதே மலை!

ஆனால் நீ கேட்ட ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எங்கப்பா ரேடியோ எழுபத்தேழு இனக் கலவரத்துல எரிஞ்சு போச்சுன்னு எழுதினியே, அன்னிக்கு லயத்துல வேற என்னடா எரிஞ்சது?" என்றாய். போனை நான்தான் வைத்தேன். சிக்னல் போய்விட்டதென்று நீ நினைத்திருப்பாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அதற்கு முன்னால் ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம் எழுதவிடு. ஆசையாக இருக்கிறது.

உங்கப்பா அதை ஹட்டனில் வாங்கிவந்த அன்று நமக்குப் பதின்மூன்று வயசு. தவிட்டு நிறத் தோலுறை, முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டைகள். "கை கழுவிட்டுத்தான் தொடணும்" என்று உங்கம்மா சொன்னார். லைசன்ஸ் எடுக்காமல் ரேடியோ வைத்திருந்தால் குற்றம் என்பதால், தபால் கந்தோரில் எடுத்த அந்தக் காகிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார் உங்கப்பா. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருந்ததே ஒழிய, அது கூரையைத் தொடவில்லை. ஒரு வீட்டில் புருசன் பெண்சாதி சண்டை என்றால் பத்து வீட்டுக்கும் கதை. அதே வழியாகத்தான் பாட்டும் போனது. மூன்றாம் காம்பராக் கிழவி "யப்பா, கொஞ்சம் கூட்டி வையி" என்று அங்கிருந்தே கத்துவாள். செய்தி வந்தால் "குறைச்சு வையி" என்பாள்.

மழை நாளில் ஸ்டேசன் எடுக்காது. கொய்யா மரத்து உச்சியில் செப்புக் கம்பி கட்டினோம். அதுவும் சரிவராதபோதுதான் ஏழாம் நம்பர் மலைப் பாறைக்கு ஏறுவது. பற்றரி இறங்கினால் அடுப்போரம் வைத்துச் சூடாக்கி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். ஒருதரம் அடுப்புக்கு மிகக் கிட்ட வைத்து, அது வெடித்துக் கறுப்புச் சாறு கஞ்சிப் பானைக்குள் விழுந்தது. அடி வாங்கியது நான். வைத்தது நீ. இதை இன்றைக்காவது ஒப்புக்கொள்.

எழுபத்தொன்று ஏப்ரலில் தெற்கே பொடியன்கள் கிளர்ச்சி செய்தபோது, பாட்டை நடுவில் நிறுத்தி ஊரடங்கு நேரத்தை அறிவிப்பார்கள். பெரியவர்கள் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். நமக்கோ, நிறுத்திய பாட்டை விட்ட இடத்திலிருந்து போடுவார்களா, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்களா என்பதுதான் கவலை. அடுத்த வருசம் நாட்டின் பேர் மாறியதும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இங்கிலீஷ் பேரிலும் 'சிலோன்' போய் 'ஸ்ரீ லங்கா' வந்தது. உங்கப்பாவுக்கு மட்டும் அது கடைசிவரைக்கும் 'ரேடியோ சிலோன்'தான்.

அந்த அறிவிப்பாளர்களின் தமிழ் உனக்குத் தொற்றிக்கொண்டது எனக்கு நல்லா ஞாபகம். பீலிக்கரையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, "வர்த்தக சேவை நேயர்களே, இப்போது இரண்டாம் லயத்து மூக்காயி அக்கா குடத்துடன் வந்துகொண்டிருக்கிறார்" என்று மூக்கால் முழங்குவாய். அவள் குடத்துத் தண்ணீரை உன் தலையில் ஊற்றியதோடு அன்றைய ஒலிபரப்பு முடியும். ரேடியோ அறிவிப்பாளர் பேச வேண்டிய தமிழை ஒரு தோட்டத்துப் பொடியன் பேசுகிறான் என்று வாத்தியார் சிரித்தார். அது பாராட்டா நக்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சினிமாப் பாட்டில் நாம் இரண்டு கட்சி. நீ எம்.ஜி.ஆர்., நான் சிவாஜி. "அவர் கண்டியில பொறந்தவர்டா, நம்மாளு" என்று ஒரே அடியில் என் வாயை அடைத்துவிடுவாய். அதற்கு என்னிடம் பதிலே இருந்ததில்லை. இரண்டு பேருக்கும் டி.எம்.எஸ்.தான் பாடுகிறார் என்று கிழவி ஒருநாள் சொன்ன பிறகுதான் சண்டை கொஞ்சம் தணிந்தது.

பொப் பாட்டு வந்ததும் கட்சியெல்லாம் கலைந்துவிட்டது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை முதல் தரம் கேட்டபோது, யாழ்ப்பாணத்துப் பேச்சு பாதி விளங்காமலே நாம் ஆடினோம். ஏ.ஈ. மனோகரன் பாடினால் கிழவிக்குக்கூட கால் நிற்காது. பாண் கொண்டுவரும் சிங்களப் பொடியன் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் சிங்களப் பாட்டுகளைச் சொல்லித் தந்தான். அந்தக் குழுவின் கிளாரன்ஸ் விஜேவர்தன நம்ம மலைப்பக்கம், ஹப்புத்தளையில் பிறந்தவர் என்று அவனுக்கும் பெருமை. பெரியவர்கள் இதையெல்லாம் கூத்தாடிப் பாட்டு என்றார்கள். படித்தவர்கள் இன்றைக்கும் அதை ஒரு சங்கீதமாக மதிப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னையிலிருந்து வந்த பாட்டை நாம் கேட்டோம். இதைத்தான் நாமே பாடலாம் என்று தோன்றியது. அந்த வித்தியாசம் பதினாறு வயசில் பெரிய வித்தியாசம்.

பாடியும் விட்டோமே! தேயிலைப் பெட்டிப் பலகையில் கிட்டார். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து நரம்பு. பால்மா டின்னில் தோல் கட்டிப் பொங்கோ. டவுன் தையல்காரரிடம் கடன் சொல்லித் தைத்த பெல்பொட்டம், கால் பக்கம் ஒரு கோழியே உள்ளே நுழையலாம். மலைப்பாதையில் நடந்து வந்தால் அந்த அகலத்துக்குள் அட்டைகள் குடும்பத்தோடு ஏறிவிடும். மாரியம்மன் கோயில் திருவிழா மேடையில் நீ பாடிக்கொண்டே ஒரு காலை உதறினாய். சனம் புது ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டியது. இரத்தம் சொக்ஸ் வரைக்கும் வந்தது எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்குத்தானே தப்படிக்கிற தாத்தா மேடைக்கு ஏறினார்? திட்டப்போகிறார் என்று நான் கிட்டாரைப் பின்னால் மறைத்தேன். அவர் ஒரு நிமிசம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது நம்ம அடிதானடா" என்று தப்பை எடுத்தார். பிறகு பாட்டு எங்கே போனதென்று தெரியாது, அடி மட்டும் விடியவிடியப் போனது. அந்தப் பாட்டுகளின் பைலா தாளம் போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததென்று பின்னாளில் படித்தேன். தாத்தாவுக்கு அந்தச் சரித்திரமெல்லாம் தேவைப்படவில்லை.

அடுத்த வருசம் உங்களுக்குப் பாஸ்போட் வந்தது. அறுபத்து நாலில் இந்தியா, சிலோன் இரண்டு பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு, நம் தோட்டத்துச் சனத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரே லயம், ஒரே பீலி. உங்கப்பா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார், எங்கப்பா சிலோனுக்கு. ஹட்டன் ஸ்டேசனில் அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா சொன்னார்கள்? கிளம்பும்போது உங்கப்பா ரேடியோவை ஜன்னல் வழியாக என் கையில் தந்தார். "அங்கிட்டுப் போய் வேற வாங்கிக்கலாம். நீ படிக்கிற பிள்ளை, செய்தி கேளு" என்றார். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறும்போது அவர் அழுததாக நீ எழுதியிருந்தாய். ஹட்டனில் அழவில்லை.

இனித்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

அது எழுபத்து நாலு. நீ அங்கே மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற அதே நாட்களில் இங்கே பாண் வரிசை. கூப்பன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள், மாவு விலை ஏறிப்போனது. தோட்டத்தில் வேலை நாளும் குறைந்தது. வெளியிலிருந்து அரிசி கொண்டுவரலாமென்றால் ரோட்டில் தடை போட்டுப் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். மரவள்ளி, அதுவும் முடிந்தால் காட்டுக்கீரை. ஒவ்வொரு கிழமையும் தோட்டத்தில் யாராவது ஒரு கிழவன், ஒரு குழந்தை. மூன்றாம் காம்பராக் கிழவி அப்போதுதான் போனாள். காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். என் சின்னத் தங்கச்சி எழும்பி நிற்க முடியாமல் வாசல் இஸ்தோப்பில் சாய்ந்திருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ரேடியோவைப் பார்த்தார். அவ்வளவுதான்.

கம்பளிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தேன். நாலு மைல். ஏழாம் நம்பர் பாறையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாட்டு என்று போட்டேன். பிறகு நிறுத்த மனசு வரவில்லை. பாட்டு மாறி மாறி வர, வழி நெடுகப் பாடவிட்டே நடந்தேன். கடை முதலாளி வாங்கிப் பட்டனைத் திருப்பினார். சத்தம் இல்லை. பற்றரி செத்துவிட்டது. "பாடாத பெட்டிக்கு இவ்வளவுதான்" என்று விலையில் பாதியைக் குறைத்தார். பாடும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு பற்றரி போட்டுப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான். அந்த வழிப் பாட்டுகளுக்கு நான் கொடுத்த விலை நாலு றாத்தல் மாவு. தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு ஆறு பேரப்பிள்ளைகள். அந்த நாலு றாத்தலை நான் மறந்ததில்லை.

எழுபத்தேழில் பக்கத்துத் தோட்டத்து லயங்களைத்தான் எரித்தார்கள். எங்களுடையது தப்பியது. நீ ரேடியோவைப் பற்றிக் கேட்டு எழுதியபோது, எரிந்துவிட்டதென்று எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. உங்கப்பா உயிரோடு இருந்தார், வித்தேன் என்று அவருக்கு எப்படி எழுதுவேன்?

இன்னொன்று. எழுபத்தாறில் இளையராஜாவின் 'அன்னக்கிளி'ப் பாட்டுகள் வந்தபோது என்னிடம் ரேடியோ இல்லை. டவுன் சலூன் பெஞ்சில், முடிவெட்ட வந்தவன் மாதிரி உட்கார்ந்துதான் கேட்டேன். நம் லயத்துப் பொம்பிளைகள் கொழுந்தெடுத்துக்கொண்டு பாடுவது போலவும் தாலாட்டுவது போலவும் இருந்தது. உனக்குக் கேட்கக் கொடுக்க வேண்டுமென்று தோன்றியது. கொழும்பு ஸ்டேசன் நீலகிரியில் தெளிவாக எடுக்கிறது, கே.எஸ். ராஜா பேசினால் கோத்தகிரி டீக்கடையில் ஒருவரும் அசைவதில்லை என்று நீ எழுதியிருந்தாய். உடனே ஒரு தபாலட்டை வாங்கி, அந்தப் பாட்டைக் கேட்டு, உன் பேரையும் கோத்தகிரியையும் எழுதி வர்த்தக சேவைக்குப் போட்டேன். கீழே என் பேர், தோட்டத்தின் பேர். பிறகு ஒரு மாதம் சலூனுக்கு நடையாய் நடந்தேன். தலையில் வெட்ட முடியே இல்லை. நான் போகாத ஒரு நாள் காலையில், ராஜேஸ்வரி சண்முகம் இரண்டு பேரையும் வாசித்தாராம். சலூன்காரர்தான் சொன்னார். "தம்பி, உங்க தோட்டத்துப் பேரை அந்தம்மா எவ்வளவு அழகா சொன்னாங்க தெரியுமா" என்றார். மனுசன் எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரோ என்று ஒரு சந்தேகம் இன்னும் உண்டு.

பேரன் அந்தப் பாட்டை யூடியூப்பில் எடுத்துத் தந்தான். பாட்டு சுத்தமாக இருந்தது. அதற்கு முன்னால் பேர்கள் வாசிக்கிற அந்த அரை நிமிசம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

உன்னிடம் இதை இத்தனை வருசம் கேட்கவில்லை. கேட்டால் ரேடியோ கதையும் வெளியே வந்துவிடும் என்று பயம். இப்போது வந்துவிட்டதே. அன்றைக்குக் காலையில் நீ கேட்டாயா? அந்தம்மா வாசித்தாரா?

எழுது. போனில் சொல்லாதே, எனக்குக் கேட்காது.

உன்
பிரேக்கம்பிக் கிட்டார்க்காரன்