பருவ முடிவுக் கடிதம்: சில செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இன்னொரு பருவம் முடிந்துவிட்டது. தேர்வுகள் குறித்த நாளில் தொடங்கி நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழா மழையால் ஒரு நாள் தள்ளிப்போனாலும் சிறப்பாக நடந்தது. அறிவியல் கண்காட்சியைப் பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. பரிசு பெற்ற எல்லோருக்கும் வாழ்த்துகள். பெயர்ப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

ஆங்கில வகுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பருவத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்குகள் தொடர்பான உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுத்தோம். 'கேட்', 'டாக்' எல்லாம் சின்ன வகுப்பிலேயே முடிந்த கதை. இது அடுத்த படி. செம்மறி ஆட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேயும்போது அது 'ஷீப்'. தட்டுக்கு வந்தால் 'மட்டன்'. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, மேய்த்தவர்களின் சொல் தொழுவத்தோடு நின்றது, ஆண்டவர்களின் பிரெஞ்சுச் சொல் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. ஆடு சார்ந்தது என்று மருத்துவ நூலில் எழுத வேண்டுமானால் லத்தீனிலிருந்து 'ஓவைன்' வரும். இதே வரிசையில்தான் மாட்டுக்குப் 'போவைன்', குதிரைக்கு 'ஈக்வைன்', ஓநாய்க்கு 'லூபைன்', கரடிக்கு 'அர்சைன்'.

இளமைப் பெயர்களும் படித்தார்கள். குதிரைக்குட்டி 'ஃபோல்', அன்னக்குஞ்சு 'சிக்னெட்', கங்காருக்குட்டி 'ஜோயி'. இவ்வளவு பெயரா என்று அலுத்துக்கொண்ட பிள்ளைகளிடம், தமிழில் இளமையைக் குறிக்கப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது என்று எங்கள் ஆசிரியர் எடுத்துக்காட்டியதும் வகுப்பு அமைதியாகிவிட்டதாம்.

காக்கைக் கூட்டத்துக்கு 'மர்டர்' என்று ஒரு பெயர் உண்டே, அதையெல்லாம் ஏன் தேர்வில் கேட்கவில்லை என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். 1486-ல் இங்கிலாந்தில் அச்சான வேட்டை நூல் ஒன்றிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் காக்கைக் கூட்டத்தை 'ஃப்ளாக்' என்றாலே போதும். நச்சரிப்பதற்குப் 'பேட்ஜர்', துருவித் தேடி எடுப்பதற்கு 'ஃபெரட்' என்று வினைச்சொல்லாக மாறிய விலங்குப் பெயர்கள்தான் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும். அவற்றைக் கேட்டோம். பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள். 'ஷீப்பிஷ்' மட்டும் பலரைக் கவிழ்த்துவிட்டது. ஆட்டின் ரோமம் 'ஷீப்பிஷ்' என்று எழுதிவைத்திருந்தார்கள். தான் செய்த தவறை நினைத்து அசடு வழிய நிற்பவரின் முகத்துக்குத்தான் அந்தச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாடம் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் பிள்ளைகள் இந்தச் சொற்களைக் கொண்டு ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைக்கத் தொடங்கினார்கள். கொஞ்சம் பருமனாக இருக்கும் ஒரு மாணவி 'போவைன்' ஆனாள். ஒரு மாணவனைச் 'சிமியன்' என்றே கூப்பிட்டார்கள். கணக்கில் தடுமாறும் ஒருவனுக்கு 'அசினைன்'. யார், எந்த வகுப்பு என்று தயவுசெய்து தேட வேண்டாம். அவர்களில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வலி வயிற்றில் இல்லை என்பது நான்காவது நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விசாரித்தபோது பிள்ளைகள் சொன்ன பதில்: "நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தைதானே, அகராதியிலும் இருக்கிறதே!" கெட்டிக்காரத்தனமான பதில்தான். அதே அகராதியில் அடுத்த வரியையும் படித்திருக்க வேண்டும். 'போவைன்' என்பதை மனிதர்மேல் ஏற்றினால் மந்தமான, மூளை மழுங்கிய என்று பொருள். 'அசினைன்' கழுதையிலிருந்து வந்த சொல், ஆனால் இன்று அன்றாடப் பேச்சில் கழுதையைப் பற்றிப் பேச அதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. முட்டாள்தனத்துக்கே அது பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

'சிமியன்' இவற்றைவிடக் கனமானது. உயிரியலில் அது குரங்கினத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல். ஆனால் மனிதரைக் குரங்கென்று சொல்லி இழிவுபடுத்துவதற்கு ஒரு நீண்ட, அசிங்கமான வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அயர்லாந்து மக்களைக் குரங்கு முகத்தோடு கேலிச்சித்திரமாக வரைந்தார்கள். கால்பந்து மைதானங்களில் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்கு போலக் கத்துவது இன்னும் நிற்கவில்லை. அதனால் ஆட்டங்கள் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. பொருளை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டோம். யாரைப் பற்றி, எந்தத் தொனியில் சொல்லலாம் என்பதைப் பருவத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தோம். உண்மையில் இந்தப் பாடத்தில் கடினமான பகுதி அதுதான். ஒருவருடைய நடையை 'ஃபீலைன்' என்றால் அதில் ஒயில் இருக்கிறது, அதே பூனையிலிருந்து வந்த 'கேட்டி' என்றால் பொறாமையோடு குத்திப் பேசுபவர் என்று பொருள். நாயிலிருந்து வந்த 'டாகிட்' பாராட்டு: விடாப்பிடியாக முயல்பவர். இந்த வேறுபாடுகளை அடுத்த பருவத்தில் முதலிலேயே எடுக்கப்போகிறோம். பாடத்தையே நிறுத்திவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். நிறுத்தப்போவதில்லை.

இனிச் சொல்லப்போவதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பட்டப்பெயர்ப் பட்டியல் ஒரு வகுப்பின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டிருக்கிறது. கீழே சிரிப்புப் படங்கள். "என்ன இங்கிலீஷ்!" என்று பாராட்டு. பாராட்டியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளை வாயில் பெரிய ஆங்கிலச் சொல் வந்தால் பெற்றோருக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளிக்கு வராமல் வீட்டில் இருந்த அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதே குழுவில்தான் இருக்கிறார்.

அந்தப் பதிவை இந்த வாரத்துக்குள் நீக்கிவிடுங்கள். அடுத்த பருவத்திலிருந்து, ஒருவருடைய உடலையோ நிறத்தையோ அறிவையோ குறிவைத்துப் பட்டப்பெயர் சொன்னால், அது எந்த மொழியில் இருந்தாலும், முதல் தடவையே பெற்றோரை நேரில் அழைப்போம். இரண்டாம் தடவை ஒழுங்கு நடவடிக்கைதான். 'விளையாட்டுக்குச் சொன்னான்' என்ற விளக்கத்தை நான் கேட்டுக்கொள்வேன், ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், வீட்டுப் பேச்சையும் கொஞ்சம் கவனிக்கலாம். 'எருமை', 'கழுதை' எல்லாம் கோபத்தில் என் வாயிலும் வந்திருக்கின்றன. ஆகவே அறிவுரையாக இதைச் சொல்லவில்லை. லத்தீனில் சொன்னால் நாகரிகமாகிவிடும் என்று பிள்ளைகள் நினைத்ததற்கு அடிப்படை எங்கே என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். விடுமுறையில் நேரம் கிடைத்தால், ஒரு விலங்கைக் கவனித்து அதைப் பற்றி நாலு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். குதிரை எப்படி நிற்கிறது, பூனை எப்படித் தாவுகிறது என்று எழுதினால் அந்தச் சொற்கள் தாமாகவே சரியான இடத்தில் உட்காரும்.

இந்த வாரங்களில் பொறுமையாக நடந்துகொண்ட பெற்றோர்களுக்கு நன்றி. குறிப்பாக, கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் என் அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிய அந்த அம்மாவுக்கும், நாங்கள் கேட்பதற்கு முன்பே தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்வந்த இரண்டு குடும்பங்களுக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஆங்கிலத்திலேயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறான். அதில் "ஐ ஃபெல்ட் ஷீப்பிஷ்" என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' போட்ட பிறகுதான் ஆசிரியர் கடிதத்தை என்னிடம் காட்டினார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: நூலகப் புத்தகங்களை இன்னும் திருப்பித் தராதவர்கள் பள்ளி திறக்கும் முதல் நாளிலேயே கொடுத்துவிடவும். விலங்குக் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் தொகுதியைப் பல வாரங்களாகக் காணவில்லை.