கிரவல் வீதிகளைத் தமிழில் எழுதி வைக்க இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தார் போடாத, சிறுகல்லும் மண்ணும் பரவிய கிரவல் வீதிகளில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றித் தமிழில் எழுத முன்வரும் எங்கள் திருகோணமலை மாவட்டத்து இளைஞர்களுக்குத் தங்கள் பத்திரிகையில் வாரத்துக்கு ஒரு பத்தியளவு இடமேனும் ஒதுக்கித் தரவேண்டும் என்ற வேண்டுகோளுடன் இக்கடிதத்தை எழுதுகிறேன். விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் போட்டு மறந்துவிடக்கூடிய விடயமல்ல இது என்று உறுதியாக நம்புவதால், அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிளுக்குத் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். விடிந்தும் விடியாத வேளையில் திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிப் பக்கமாகவும் கண்டி வீதி வழியாகவும் சைக்கிளில் போகும் இளைஞர்களை நாள்தோறும் காண்கிறேன். அவர்களுடைய உற்சாகம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பஸ்ஸும் டிப்பரும் உரசிக்கொண்டு போகும் பிரதான வீதியின் ஓரக்கோட்டில் அவர்கள் ஓடுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. அதே கண்டி வீதியிலிருந்து தம்பலகாமத்துப் பக்கம் இறங்கினால், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாகவும் வரம்புகளை ஒட்டியும் கிரவல் பாதைகள் கிளை கிளையாகப் பிரிந்து செல்கின்றன. மூதூருக்கு அப்பால் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வாய்க்கால் கரைகள், பன்குளம், முதலிக்குளம் பக்கத்துக் குளக்கட்டுகள், கும்புறுப்பிட்டிக்கும் குச்சவெளிக்கும் மேற்கே காட்டோரமாகப் போகும் பாதைகள் என்று மாவட்டம் முழுவதும் இத்தகைய வழிகள் இருக்கின்றன. இவற்றில் எந்தப் பாதை எங்கே போய்ச் சேரும், எந்த மாதத்தில் ஓடலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதை எழுத்தில் தேடினால் அகப்படுவதில்லை.

கிரவல் சைக்கிளோட்டம் உலகில் இன்று பெரிதாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம், அதாவது ஏறத்தாழ 320 கிலோமீற்றர், இப்போது அன்பவுண்ட் கிரவல் என்ற பெயரில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதலாவது கிரவல் உலகச் சம்பியன் போட்டியை நடத்தியது. இதற்கென்று தனியாகச் சைக்கிள்களும் செய்கிறார்கள். பந்தயச் சைக்கிளைப் போலவே வளைந்த ஹாண்டில்; ஆனால் 25 அல்லது 28 மில்லிமீற்றர் டயருக்குப் பதிலாக 38 முதல் 45 மில்லிமீற்றர் வரையான அகல டயர், டிஸ்க் பிறேக், ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் மிதிக்கக்கூடிய இலேசான கியர். இங்கே ஒரு சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் அவை கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான்.

ஆயினும் இளைஞர்கள் மனம் தளர வேண்டியதில்லை. எங்கள் அப்பாமார் ஓட்டிய, இன்றும் பல வீட்டு முற்றங்களில் நிற்கும், 28 அங்குலப் பெரிய சைக்கிளின் டயரைப் பாருங்கள். அதன் பக்கத்தில் 28க்கு ஒன்றரை என்று பொறித்திருக்கும். மில்லிமீற்றர் கணக்கில் அந்த அகலம் 40. கன்சாஸ் பந்தயத்துக்கென விற்கப்படும் டயரின் அகலமும் ஏறத்தாழ அதுவே. தார் இல்லாத வீதிகளில் ஓடுவதற்காகவே அந்தக் காலத்தில் அவ்வாறு அமைத்தார்கள். பாரம் அதிகம், கியர் கிடையாது, இரும்புக் கம்பியால் இழுபடும் பிறேக் மழையில் சரியாகப் பிடிக்காது என்ற குறைகள் அதற்கு உண்டு. மலைகள் நிறைந்த மாவட்டமாக இருந்தால் அவை பெரிய குறைகள்தாம். திருகோணமலையின் வயல்வெளிக்கும் குளக்கட்டுக்கும் அது போதும். விலையுயர்ந்த சைக்கிள் இல்லாமல் இத்துறைக்குள் நுழைய முடியாது என்ற எண்ணத்தை முதலில் நீக்க வேண்டும். அதை நீக்கக்கூடிய எழுத்து தமிழில்தான் வரவேண்டும்.

இவ்விடயம் பற்றி ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும், எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் அவற்றைப் படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவை வேறு மண்ணை வைத்து எழுதப்பட்டவை. கன்சாஸின் கல் கத்தி முனை போலக் கூரான சிக்கிமுக்கிக் கல். அங்கே டயரின் பக்கச்சுவர் கிழிவதுதான் பெரும் பயம். இங்கிலாந்தில் எழுதுபவருக்குக் குளிர்காலச் சேறு கவலை. எங்களுடையது களிமண் கலந்த செம்மண் கிரவல். வெயிலில் காய்ந்தால் சீமெந்துத் தரையாக இறுகும். அதன் மேல் உருண்டு கிடக்கும் சிறு கற்களில் முன்சில்லு வழுக்கும். முதல் மழை பெய்ததும் மேற்பரப்பு சவர்க்காரம் பூசியது போலாகிவிடும். கரையோரம் போனால் கதை வேறு. அங்கே சில்லைப் பிடித்து நிறுத்துவது மணல். டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையை அடைப்பதற்கு ஊற்றும் பால் பல மாதங்கள் இருக்கும் என்று குளிர்நாட்டுக்காரர் எழுதுவார். எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் அது வெகு விரைவில் காய்ந்து பிசினாகிவிடும். சூரை முள்ளும் ஈச்ச முள்ளும் அவர்களுடைய எழுத்தில் வருவதேயில்லை. எங்கள் பாதைகளில் டியூப்பைத் துளைப்பவை பெரும்பாலும் அவைதாம்.

காற்றின் அளவையே எடுத்துக்கொள்வோம். கடையில் டயரைக் கல்லைப் போல இறுக்கி அடித்துத் தருவதே எங்கள் வழக்கம். வழவழப்பாகத் தார் போட்ட காபெட் வீதியில் பாரம் ஏற்றிப் போவதற்கு அது சரி. கிரவலில் அவ்வாறு ஓடினால் சில்லு ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், கை மரத்துப் போகும், வளைவில் பிடிமானம் இராது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீற்றர் டயரில் 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அழுத்தம்) அளவில் தொடங்கி, தமக்கும் பாதைக்கும் ஏற்றவாறு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். டியூப் உள்ள டயரில் அளவுக்கு மீறிக் குறைக்கவும் கூடாது. கல்லில் மோதும்போது றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு தீண்டிய பல் அடையாளம் போல இரண்டு ஓட்டைகள் அருகருகே விழும்.

இவை எல்லாவற்றையும் புத்தகம் படிக்காமலே அறிந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். விறகுக் கட்டைக் கரியலில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையால் வரும் ஒருவரை அவதானித்துப் பாருங்கள். உழவு இயந்திரத்தின் சில்லு அழுத்தி இறுக்கிய இரண்டு தடங்களில் ஒன்றையே அவர் பிடித்து வருவார். நடுவில் கல் குவிந்திருக்கும் மேட்டுப் பக்கம் போகமாட்டார். தடம் மாற வேண்டுமானால் ஹாண்டிலை வெட்டித் திருப்பாமல், முன்கூட்டியே சாய்வாக மெல்லக் குறுக்கே வருவார். மதகு வரும் இடத்தில் கொங்கிரீட் விளிம்புக்கும் கிரவலுக்கும் இடையே மழைநீர் அரித்த பள்ளம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பத்தடி முன்னரே மிதிப்பதை நிறுத்தி, இருக்கையிலிருந்து சற்று எழும்பி, பாரத்தைக் கால்களில் வாங்கிக்கொள்வார். வாகனங்கள் வேகமாக ஓடும் கிரவல் வீதிகளில் குறுக்காக அலையலையாக வரிகள் விழும். அவ்வாறான இடத்தில் அவர் வீதியின் ஓரத்துக்கு வந்துவிடுவார், ஏனெனில் வரிகள் ஓரத்தில் ஆழம் குறைவு. வெளிநாட்டில் பணம் கட்டிப் பயிற்சி பெற்று அறியும் இந்த நுட்பங்களைப் பாரம் சுமந்து பழகிய உடம்பு தானாகவே கற்றிருக்கிறது. இவர்களிடம் கேட்டு எழுதுபவரே நல்ல எழுத்தாளராவார் என்று கருதுகிறேன்.

எழுத வருபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது படங்களையும் புகழ்ச்சியையும் அல்ல. பாதை எங்கே பிரிகிறது, எத்தனை கிலோமீற்றர், தரை கிரவலா மணலா களிமண்ணா, நிழல் உண்டா, கடை உண்டா, குடிநீர் கிடைக்குமா, எந்தக் காலத்தில் போகலாம் என்பவற்றை ஒருவர் நம்பிப் புறப்படக்கூடிய விதத்தில் எழுத வேண்டும். காலம் பற்றிய குறிப்பு மிக முக்கியமானது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைமழை தொடங்கியதிலிருந்து தை வரை வயற்பாதைகள் பல தண்ணீரில் கிடக்கும். மாசி, பங்குனியில் தரை இறுகியிருக்கும். ஆனால் பெரும்போக அறுவடை நடப்பதால் வெட்டும் இயந்திரங்களும் நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்களும் பாதையை நிறைத்திருக்கும். அப்போது விலகி நிற்க வேண்டியவர் சைக்கிளோட்டியே. அது விவசாயியின் பாதை. வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும். மேற்கே புறப்பட்டால் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று என்பதை அறிந்து, உடம்பில் தெம்பு இருக்கும் காலை வேளையிலேயே மேற்கு நோக்கிப் போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு எதிர்க்காற்றில் வீடு திரும்ப நினைப்பது ஆபத்தானது.

ஆபத்து என்று சொல்லும்போது யானையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கந்தளாய், முதலிக்குளம், சேருவில் பக்கங்களில் விடியலுக்கு முன்னரும் அந்தி சாய்ந்த பின்னரும் யானைகள் பாதையைக் கடக்கின்றன. சைக்கிளோட்டிகள் விரும்புவதும் அதே குளிர்ந்த வேளைகளைத்தான். சைக்கிளில் சத்தமில்லாமல் போகிறவர் யானைக்கு மிக அருகில் சென்ற பின்னரே அதைக் காண நேரிடும். ஆகவே இந்தப் பக்கங்களில் நன்றாக வெளிச்சம் வந்த பின்னரே புறப்பட வேண்டும், ஊரவரிடம் விசாரிக்காமல் காட்டோரம் போகக் கூடாது, தனியாகப் போகவே கூடாது என்பதை எழுதுபவர் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். போர் நடந்த மண் இது என்பதால், எச்சரிக்கைப் பலகை நட்ட காணிக்குள் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

குளக்கட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து மக்கள் இறந்ததை எங்கள் மாவட்டம் மறக்கவில்லை. குளக்கட்டு நீரைத் தாங்கி நிற்கும் அணை, ஊரின் உயிர். மழையில் ஊறிய கட்டின் மேல் சில்லுத் தடம் பதித்தால் அத்தடத்திலேயே நீர் ஓடி மண்ணை அரிக்கும். ஈரமான கட்டில் ஓடாதிருப்பதும், ஓட அனுமதி உண்டா என்று நீர்ப்பாசன உத்தியோகத்தரிடம் கேட்டறிவதும் கட்டாயம்.

இனி, கிரவல் வீதிகள் இல்லாமல் போவதைப் பற்றி. ஊருக்குள் போகும் வீதியைக் காபெட் வீதியாக்கித் தாருங்கள் என்று மக்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணுக்கும், புழுதியை விழுங்கிக்கொண்டு பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைக்கும் கிரவல் வீதியின் அழகைப் பற்றிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நான் பேசுவது வாய்க்கால் கரை, குளக்கட்டு, வயற்பாதை, பழைய காட்டுப்பாதை ஆகியவற்றைப் பற்றி. இவற்றுக்கு எவரும் தார் போடப் போவதில்லை. ஆனால் பயன்பாடு குறைந்தால் பற்றை மூடிவிடும், அல்லது யாரோ வேலி அடைத்துவிடுவர். இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் கயோலே என்ற சிற்றூரில் 1997இல், அப்பகுதியின் வெண்ணிறக் கிரவல் வீதிகள் அழிந்துபோகாமல் காப்பதற்காகப் பழைய சைக்கிள்களில் ஓடும் எரோய்க்கா என்ற நிகழ்வைத் தொடங்கினார்கள். அதன் வழியாகவே 2007இல் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் பிறந்தது. இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அந்தப் பாதைகளைத் தேடி வருகிறார்கள். வழியிலுள்ள சிற்றூர்களுக்கு அதனால் வருமானமும் உண்டு. எங்களிடமும் கிண்ணியாத் தயிரும், வழியோரத்து இளநீரும், கன்னியா வெந்நீரூற்றும், வெருகலின் ஆற்றங்கரையும் இருக்கின்றன. உல்லாசப் பயணிகள் நிலாவெளிக் கடலோடு திரும்பிவிடுகிறார்கள் என்று கவலைப்படும் மாவட்டத்துக்கு இது சிந்திக்க வேண்டிய வழி.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாவட்டத்தின் ஒரு பாதையைப் பற்றி முந்நூறு சொற்களுக்கு மேற்படாத குறிப்பு, கையால் வரைந்த ஒரு சிறு வரைபடம், ஓடிய மாதம், எழுதியவரின் பெயர், இவ்வளவோடு வாரம் ஒரு குறிப்பை வெளியிடுங்கள். எழுத வருபவர்களில் பெண் பிள்ளைகளும் இருக்க வேண்டும். பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போய்வரும் அவர்களுக்கு எந்தப் பாதை பாதுகாப்பானது என்பது மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, வெருகல் என ஒவ்வொரு பிரதேசத்திலிருந்தும் ஒருவராவது எழுதட்டும். பிழையான தகவல் வந்தால் அடுத்த வாரமே ஊரவர் திருத்தி எழுத இடமிருக்க வேண்டும். ஒரு மதகு உடைந்த செய்தி தாமதமாக வருவதால் ஒருவர் விழுந்து காயப்படக் கூடாது. முதல் குறிப்பாகத் தம்பலகாமத்து வாய்க்கால் பாதையைப் பற்றி எழுதி, வரைபடத்துடன் இக்கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். அதைத் தாங்கள் வெளியிடலாம். இதைவிட நல்லதாக ஒரு மாணவர் எழுதி அனுப்பினால் என்னுடையதை விட்டு அதையே முதலில் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
சைக்கிளோட்டும் வாசகர் ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.