பம்புசெட்டுத் தொட்டியும் ஆகஸ்ட் மாதப் பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில், அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிட்டதாக நாலு வரிச் செய்தி போட்டிருந்தீர்கள். குறை சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் அந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து அந்த நாலு வரியை நாலு தடவை படித்தவள் நான். அதில் விட்டுப்போன ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது: வெயிலில் பயிற்சி எடுக்கிற பையன்களுக்கு உள்ள ஆபத்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 1996-ல் என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்தோம். ரிசர்வாயர் ஹில்ஸில் வீடு. மகன் 2014-ல் நீர்ப்பாசனம் பற்றி மேல்படிப்பு படிக்க நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குப் போனான். லிங்கன் என்ற ஊர். படிப்பு முடிந்து அங்கேயே வேலையில் இருக்கிறான். போன புதிதில் போனில் பாதிப் பேச்சு பாடத்தைப் பற்றி இருக்கும், மீதிப் பேச்சு 'ஹஸ்கர்ஸ்' பற்றி. அதுதான் அந்தப் பல்கலைக்கழக டீமின் பெயர். சோளக்கதிரை மட்டை உரிப்பவர்கள் என்று அர்த்தம். அது மக்காச்சோளம் விளைகிற மாநிலம். டர்பனில் மக்காச்சோளத்துக்கு மீலி என்று பெயர். தெருவோரத்தில் வாங்கிவந்து சமையலறையில் உட்கார்ந்து மட்டையை உரிக்கும்போதெல்லாம் மகன் ஞாபகம் வரும். அப்படித்தான் அந்த டீம் என் வீட்டுக்குள் வந்தது.

அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளிலும் தொடையிலும் கவசம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். இங்கே ரக்பி பார்த்துப் பழகியவர்களுக்குப் பாதி தானாகப் புரியும். ஒரு சீசனுக்கு ஒரு டீமுக்கு 12 ஆட்டம்தான். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால் நவம்பரோடு முடிந்துவிடும். நன்றாக ஆடியவர்களுக்கு மட்டும் அதற்கு மேல். ஆக, வருஷத்தில் 12 நாள், பெரும்பாலும் சனிக்கிழமை. மீதி நாளெல்லாம் ரசிகருக்குக் காத்திருப்புதான். அந்தக் காத்திருப்பு முற்றிக் கனிகிற மாதம் ஆகஸ்ட்.

2019-ல் பேத்தி பிறந்தபோது ஆகஸ்ட் மாதம் அங்கே இருந்தேன். சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் சோளம். காற்றில் நம் ஊர் ஐப்பசிப் புழுக்கம். நெப்ராஸ்காவில் பெரிய லீக்கில் ஆடுகிற தொழில்முறை ஃபுட்பால் டீம் எதுவும் கிடையாது. அதனால் அந்த மாநிலம் முழுக்கவும் இந்த ஒரு பல்கலைக்கழக டீமைத்தான் தன் பிள்ளையாக நினைக்கிறது. 1923-ல் கட்டின மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேர் உட்காரலாம். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில், ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்தபடியாக மாநிலத்திலேயே ஜனம் நிறைந்த இடம் அந்த ஸ்டேடியம்தான். 1962 நவம்பரிலிருந்து அங்கே டிக்கெட் முழுதும் விற்காத ஆட்டமே இல்லை. 1962 நான் பிறந்த வருஷம். என் வயது முழுக்க அந்த ஊர் ஒரு நாற்காலியைக்கூட விலைபோகாமல் விட்டதில்லை என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது.

மகன் வீட்டுக்கு எதிர்வீட்டில் எழுபது தாண்டிய ஒரு அம்மா. அவர் கணவர் இருந்த காலத்திலிருந்து சீசன் முழுவதற்கும் இரண்டு சீட்டு வாங்கி வைத்திருக்கிறார். கணவர் போன பிறகும் இரண்டாவது சீட்டை விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தெருவில் ஒருவரைக் கூட்டிப்போவார். ஆகஸ்ட் முதல் வாரம் திண்ணையில் உட்கார்ந்து, கோடுபோட்ட தாளில் எந்த ஆட்டத்துக்கு யார் என்று பெயர் எழுதுவார். பென்சிலால் எழுதுவார், மாற்ற வேண்டியிருந்தால் அழிக்கலாம் என்று. அந்த வருஷம் செப்டம்பர் ஆட்டம் ஒன்றுக்கு நேராக என் மகன் பெயர் இருந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றைக்குத்தான் நானும் ரசிகை ஆனேன்.

இப்போது இங்கே ஆடி. கோயில்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். எல்லோரும் 1860-ல் தொடங்கி இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள். பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷில்தான், ஆனால் ஆடி வந்தால் அடுப்பு மூட்டாமல் இருக்க மாட்டார்கள். அண்டாவைக் கிண்டிக்கொண்டே நான் போனைப் பார்ப்பேன். "எப்போ ஆன்ட்டி உங்க சிவப்பு டீம்?" என்று இளம்பெண்கள் கேட்பார்கள். இன்னும் நாலு வாரம் என்பேன். லிங்கனில் காலை 11 மணி ஆட்டம் என்றால் எங்களுக்கு சாயங்காலம் 6. அது சௌகரியம். அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே ஞாயிறு விடியற்காலை ஒன்றரை. அதற்கும் எழுந்திருப்பேன்.

முகாமிலிருந்து வரும் செய்தி எல்லாவற்றையும் படிப்பேன். யார் முதல் வரிசை, யார் இரண்டாவது, போன வருஷம் முழங்கால் அடிபட்டவன் ஓட ஆரம்பித்துவிட்டானா, வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவன் ஒட்டுகிறானா. எனக்கு அதிகம் பிடித்தது 'வாக்-ஆன்' பையன்கள். உதவித்தொகை இல்லாமல், சின்னச் சின்ன ஊர்களிலிருந்து வந்து, சேர்த்துக்கொண்டால் போதும் என்று பயிற்சிக்கு நிற்பவர்கள். நெப்ராஸ்கா அவர்களுக்குப் பேர்போனது. ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்று ஆகிவிட்டது. அது நியாயம்தான், உழைக்கிறவனுக்குக் கூலி வேண்டும். ஆனால் கூடவே டீமுக்கு 105 பேர்தான் என்று உச்சவரம்பும் வந்தது. முன்பே இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. இனி வரப்போகிற கிராமத்துப் பையன்களுக்குத்தான் கதவு குறுகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, விட்டுப்போனது என்ன என்று சொல்கிறேன்.

2018 மே 29 அன்று மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயதுப் பையன், சீசனுக்கு முந்தின பயிற்சியில் திரும்பத் திரும்ப ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது தள்ளாடினான். வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 106 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போயிருந்தது. அவனைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கவில்லை. ஜூன் 13 அன்று இறந்துபோனான். பொறுப்பு எங்களுடையதுதான் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரே பிறகு ஒப்புக்கொண்டார். பெரிய உடம்பு, கனமான கவசம், புழுக்கம்: இந்த மூன்றும் சேர்ந்தால் வியர்வை ஆறுவதற்கு வழியில்லை. முகாமின் முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

அதனால்தான் அங்கே விதி வைத்திருக்கிறார்கள். முதல் நாட்களில் ஹெல்மெட் மட்டும். அப்புறம் தோள்கவசம். அதற்கும் அப்புறம்தான் முழுக் கவசம். ஒரே நாளில் இரண்டு வேளை முழுப் பயிற்சி கூடாது என்று 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். மைதானத்து ஓரத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி தயாராக இருக்க வேண்டும். ஒருவன் வெயிலில் விழுந்து பேச்சுக் குழறினால், முதலில் தொட்டியில் இறக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு 1981 மே மாதம் கண்முன் வந்தது. தம்பிக்கு அப்போது 16 வயது. பள்ளிக் கால்பந்து டீமுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி. அக்னி நட்சத்திரம். காலை பதினோரு மணி. அம்மா ஒரு தூக்கில் நீர்மோர் ஊற்றி, பையன்களுக்குக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார். பயிற்சி கொடுத்தவர் தூக்கை வாங்கிப் புளியமரத்தடியில் வைக்கச் சொன்னார். "நடுவுல தண்ணி குடிச்சா வயித்தப் பிடிக்கும். முடியட்டும்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். பத்து ரவுண்டு ஓட்டம். நான் தூக்குக்குப் பக்கத்திலேயே நின்றேன். மூடியின் விளிம்பில் கறிவேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எட்டாவது ரவுண்டில் தம்பி கோணலாக ஓடி வந்தான். என்னைப் பார்த்து "அம்மா" என்றான். அப்புறம் என்னமோ உளறினான். விழுந்துவிட்டான். நெற்றியைத் தொட்டேன், தோசைக்கல்.

எல்லோரும் சுற்றி நின்று துண்டால் விசிறினார்கள். கார் கொண்டுவர ஒருவர் சைக்கிளில் போனார். அப்போது எதிர்ப்பக்கம் உளுந்து வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா வரப்பில் ஓடி வந்தார். "விசிறிக்கிட்டு நிக்கிறீங்களே, தொட்டில இறக்குங்கடா!" என்று கத்தினார். பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய், சட்டையோடு தொட்டியில் இறக்கினார்கள். அந்த அம்மா உள்ளே இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவன் தலையைத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டார். குழாய்த் தண்ணீர் நேராக அவன் நெஞ்சில் விழுந்தது. கார் வந்துசேர அரை மணிக்கு மேல் ஆனது. அதற்குள் அவன் கண் திறந்து என் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டான். தொட்டியில் போடாமல் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை. இன்றைக்கு அவனுக்கும் பேரன் இருக்கிறான்.

பெரிய படிப்பெல்லாம் படித்த மருத்துவர்கள் சொல்வதும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்த அம்மா சொன்னதும் ஒன்றுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர்ப் பயிற்சி முகாம்களில் அது எழுதப்படாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மே மாதம் கபடிக்கும் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் கோடை முகாம்கள் நடக்கின்றன. காவலர் தேர்வுக்காகப் பிள்ளைகள் வெயிலில் ஓடிப் பழகுகிறார்கள். ஆபத்து அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவிலும் அப்படித்தான். பல்கலைக்கழக ரக்பிக்கான வார்சிட்டி கோப்பை 2008-லிருந்து நடக்கிறது. அது தொடங்குவது கோடையின் முடிவில் என்பதால் அதற்குத் தயாராவது டிசம்பர், ஜனவரியில், எங்கள் நடுக்கோடையில். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் சும்மா நிற்பவர்களுக்கே சட்டை நனையும்.

ரசிகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆகஸ்ட் முழுக்க யார் முதல் வரிசை என்று கேட்கிறோமே, அந்த வாயாலேயே தொட்டி எங்கே என்றும் கேட்கலாம். நான் கேட்கிறேன். மகனிடம் கேட்டேன், அவன் எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டான். தன் தாளின் அடியில் அதையும் குறித்துக்கொண்டு, பயிற்சியைப் பொதுமக்கள் பார்க்க விடுகிற நாளில் போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.

உங்களிடம் என் கோரிக்கை இது. வருகிற ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சி முகாம் அறிவிப்புகள் உங்கள் பத்திரிகைக்கு வரும். அவற்றைப் போடும் முன் நடத்துகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பயிற்சி, எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீர், ஆள் முழுகுகிற அளவுக்கு ஒரு தொட்டி பக்கத்தில் இருக்கிறதா. பதிலை அறிவிப்போடு சேர்த்தே அச்சிடுங்கள். ஐஸ் கிடைக்காத ஊரில் பம்புசெட் இருக்கும்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்து வாசகி,
ரிசர்வாயர் ஹில்ஸ், டர்பன்