செல்விக்கு: உன் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன்

உடுமலைப்பேட்டை

அன்புள்ள செல்வி,

முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஒத்தடத்தை மட்டும் விட்டுவிடாதே.

என் பக்கத்துச் செய்தி ஒன்றுதான், ஆனால் பெரிய செய்தி. போன புதன்கிழமை இவரும் நானும் வால்பாறைக்குப் போய்விட்டு வந்தோம். ஆமாம், உன் ஊருக்கு! விடுதியில் மூன்று வருஷம் நீ சொல்லச் சொல்லக் கேட்ட ஊர். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் போகவில்லை என்றால், இவர் வேலை, பிள்ளைகள் படிப்பு, மாமியார் படுக்கையில் கிடந்தது என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது இவர் ஓய்வு பெற்றாயிற்று. பழைய கார் ஒன்றும் வாங்கியிருக்கிறோம்.

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். ஆழியாறு செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். மழை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அணை ததும்பிக்கொண்டிருந்தது. கவியருவியில் வெள்ளம் என்று குளிக்க விடவில்லை. பரவாயில்லை, எனக்கு வேறு அவசரம் இருந்தது. கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை முகர்ந்துகொண்டே நாற்பது வளைவையும் எண்ணுவேன் என்பாயே, அதேபோல நானும் எண்ணினேன். ஒன்பதாவது வளைவில் இறங்கி நின்றால் கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரிகிறது. காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. இவர் ஒன்றும் பேசாமல் கால் மணி நேரம் நின்றார்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், சிங்கவால் குரங்குகளுக்காக! நீ கருங்குரங்கு என்று சொல்வாயே, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியோடு, அதேதான். தீயணைப்பு வண்டியில் இருக்கும் கேன்வாஸ் குழாயைப் பின்னிக் கட்டிய பாலம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு, வண்டியில் அடிபட்டுச் சாகிறதே என்று செய்த ஏற்பாடு. நாங்கள் நின்ற நேரம் ஒரு தாய் குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் பாலம் தொய்ந்து ஆடியது. நின்றது, கீழே பார்த்தது, குட்டியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுபடி நடந்தது. என் கண் கலங்கிவிட்டது, செல்வி. அந்த நேரம் பார்த்து ஒரு காரிலிருந்து பிஸ்கட்டை எறிந்தார்கள். உடனே நாலைந்து குரங்கு மரத்தை விட்டு ரோட்டுக்கே இறங்கிவிட்டன. வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லி அங்கே நிற்கிற பையன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். அந்த ஒரு பிஸ்கட்டால் அந்தப் பாலமே வீண். எனக்கு இன்னும் ஆறவில்லை.

யானைக்கும் ஏற்பாடு இருக்கிறது. கம்பத்தில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை வந்தால் எரியும்; தோட்டத்து ஆட்கள் போனுக்குத் தகவலும் போகுமாம். உங்கள் சமையலறை ஜன்னல் வழியே தும்பிக்கை நீண்டது, அம்மா உங்களை எல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளியது, எல்லாம் ஞாபகம் வந்தது. அப்போது இந்த விளக்கு இருந்திருக்கக் கூடாதா?

சோலையாறு அணையைப் பார்த்தோம். 160 அடியும் நிறைந்திருந்தது. நல்லமுடி பூஞ்சோலையில் தேயிலைக்கு நடுவே நடந்து போய் முனையில் நின்றால் வெறும் பனிமூட்டம். திரும்பலாம் என்ற சமயத்தில் ஒரு ஐந்து நிமிஷம் விலகியது. அதோ ஆனைமுடி சிகரம், 2,695 மீட்டர் என்று காவலர் கை காட்டினார். மறுபடி மூடிக்கொண்டது. கூழாங்கல் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு கட்டுச்சோற்றைச் சாப்பிட்டோம்.

அப்புறம் ரொட்டிக்கடை, நீ வளர்ந்த இடம். நீ சொன்ன அடையாளத்தை வைத்து இறங்கினேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அந்த லைன் வீடுகள், இருக்கின்றன. பாதிக்கு மேல் பூட்டு. உன் ஊர்க்காரர்கள் திருப்பூர், கோயமுத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். இப்போது கொழுந்து பறிக்க அஸ்ஸாம், ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று சைகையில் கேட்டாள். சிநேகிதி வீடு என்று நானும் சைகையில் சொன்னேன். என்ன புரிந்ததோ, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை, உப்புப் போட்ட டீ! முதல் வாய் திகைப்பாக இருந்தது. பிறகு முழு டம்ளரும் குடித்தேன்.

இறங்கும்போதுதான் சோதனை. இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில் பதின்மூன்றாவது வளைவுக்கு வரும்போது கருகல் வாடை. ஓரங்கட்டினோம். பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்தி, "ஏறின கியர்லயே இறங்குங்க ஐயா, பிரேக் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போது தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரையாடு ஒன்று ஏறி வந்தது. அப்புறம் இன்னும் மூன்று. காரிலிருந்து பத்தடி இருக்காது. நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031 தான். அதில் நாலு எங்கள் முன்னால் புல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிரேக் ஆறிய பிறகும் இவர் வண்டியை எடுக்கவில்லை.

தேயிலைத்தூள் ஒரு கிலோ வாங்கியிருக்கிறேன், பார்சலில் வரும். முழங்கால் சரியானதும் வா, சேர்ந்தே போகலாம். அதுவரை ஒன்று மட்டும் எழுது. அந்த வரிசையில் பலாமரத்தை ஒட்டியது மூன்றாவது வீடு. அந்தப் பெண் டீ கொடுத்தது நான்காவதில். இரண்டில் எது உன் வீடு?

அன்புடன்,
கமலா