சுண்டலும் பழமும் தட்டில் இருந்தால் அது சாப்பாடு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பொரி, கடலை, பழம் என்று எதையாவது தட்டில் போட்டு வைத்துவிட்டு அதையே இரவுச் சாப்பாடு என்கிறார்கள், அடுப்பைப் பற்றவைக்கக் கூட இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று இரவு இப்படித்தான் சாப்பிடுகிறோம். அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறேன். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர ஏழேகால் ஆகிவிடும். வீட்டில் கணவர், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகன், என் அத்தை (கணவரின் அம்மா), நான் என நாலு பேர்.

மாவு அரைத்து வைத்திருந்தால் ராத்திரி சமையல் எல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் தோசைக்கல் முன்னால் நின்று பார்க்க வேண்டும். தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். முதல் தோசை அத்தைக்கு, அடுத்தது பையனுக்கு, அதற்கடுத்தது அவருக்கு. அதற்குள் பையன் தட்டு காலி. சட்னி இன்னும் கொஞ்சம், கல் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளி, அடுத்தது. எல்லோரும் கை கழுவி எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு எனக்கென்று இரண்டு ஊற்றுவேன். முதலில் ஊற்றியது இரண்டாவது வருவதற்குள் ஆறிப்போகும். பெரும்பாலும் மேடை ஓரமாக நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவேன். கல்யாணம் ஆகி 19 வருடத்தில் இரவு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை எண்ணிவிடலாம். இதை நான் குறையாகச் சொன்னதுகூட இல்லை. இதெல்லாம் ஒரு விஷயம் என்று தோன்றியதே இல்லை.

ஒருநாள் ராத்திரி மாவைக் கல்லில் ஊற்றப் போகும் நேரத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் இல்லை. மணி எட்டு. வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மத்தியானம் அத்தை குக்கரில் தோலோடு வேகவைத்த நிலக்கடலை ஒரு கிண்ணம். நாலு வெள்ளரிப் பிஞ்சு. பூவன் பழம். டப்பாவில் தட்டுவடை (மற்ற ஊர்களில் தட்டை என்பார்கள்), பொரி. காலையில் தோய்த்த தயிர். வெள்ளரியை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவினேன். பொரியில் வெங்காயம் அரிந்து போட்டு ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசறினேன். தயிரை மோராகக் கடைந்தேன். எல்லாவற்றையும் கூடத்தில் நடுவில் வைத்து நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். கடலையை விரலால் அமுக்கினால் உள்ளிருந்து உப்புத்தண்ணீர் தெறிக்கும், அதைப் பார்த்துப் பையன் சிரித்தான். தோலை உரித்துப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொன்னான். மூன்று மாதமாக அவன் மனசில் வைத்திருந்த விஷயம் அது. உரிக்க உரிக்க நேரம் ஆகிறதல்லவா, பேச்சும் வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வாரம் இன்னொரு நாள் இப்படியே சாப்பிடலாமா என்று கேட்டது நானில்லை, என் கணவர்.

அத்தைக்குத்தான் மனசே இல்லை. "ராத்திரி அடுப்பு பத்தவைக்காத வூடு ஒரு வூடா கண்ணு?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவர் காலத்தில் காட்டு வேலை முடிந்து வந்து பொழுது சாய்ந்த பிறகு சோறு ஆக்குவார்கள். அந்த ஒருவேளைதான் சுடுசோறு. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அதுதான் மறுநாள் காலைக்குப் பழைய சோறு. ராத்திரி அடுப்பு எரியவில்லை என்றால் அந்த வீட்டில் அரிசி இல்லை என்று அர்த்தம். அந்தப் பயம் அவருக்குள் இன்னும் இருக்கிறது. அதை நான் லேசாக நினைக்கவில்லை.

ஆனால் சுண்டலும் பழமும் இரவுச் சாப்பாடாக இருப்பது நமக்குப் புதுசா என்ன? நவராத்திரியில் நாலு வீட்டுக் கொலுவுக்குப் போய் நாலு வீட்டுச் சுண்டலைச் சாப்பிட்டு வந்து, ராத்திரிக்கு ஒன்றும் வேண்டாம் என்று படுத்தவர்கள்தானே நாம்? எங்கள் ஊரில் ஆடி 1ஆம் தேதி தேங்காய் சுடுவோம். தேங்காயின் ஒரு கண்ணைத் திறந்து பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, அவல், எள், வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, குச்சியில் செருகித் தீயில் சுடுவது. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துச் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு அன்றைக்கு வேறு சாப்பாடே இறங்காது. அன்றைக்கு யாரும் அம்மாவைச் சோம்பேறி என்று சொன்னதில்லை.

2023இல் அமெரிக்காவில் ஒரு இளம்பெண் ரொட்டி, சீஸ், திராட்சை, ஊறுகாய் எல்லாம் தட்டில் வைத்து, இதுதான் என் டின்னர் என்று டிக்டாக்கில் போட்டாராம். 'கேர்ள் டின்னர்' என்று பெயராகி உலகம் முழுக்கப் பேசினார்கள். ஜெர்மனியில் படிக்கும் என் அக்கா மகள் சொல்கிறாள், அங்கே பல வீடுகளில் மத்தியானம்தான் சுடச்சுடச் சமையலாம், சாயங்காலம் ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய் என்று அப்படியே எடுத்துச் சாப்பிடுவார்களாம். அதற்குப் பெயரே 'மாலை ரொட்டி' என்று அர்த்தம் வருகிற சொல்தானாம்.

சரி, சத்து இருக்கிறதா என்று கேட்டிருந்தார் அந்த வாசகர். நல்ல கேள்வி. என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டரிடம் கேட்டோம். பொரி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும், அதைக் குறைத்துச் சுண்டலைக் கூட்டுங்கள் என்றார். அதிலிருந்து அவர் தட்டில் பொரி ஒரு கைப்பிடிதான். கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ காலையிலேயே ஊறப்போட்டு, அத்தை மத்தியானம் வேகவைத்து விடுகிறார். வேகவைக்காத காய்ந்த நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பொட்டுக்கடலையிலும் 20 கிராமுக்குக் குறையாது. மூன்று தோசையும் தேங்காய்ச் சட்னியும் இதைவிடச் சத்து என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வளர்கிற பையனுக்கு இது போதாது, அவனுக்கு இரண்டு முட்டை அவித்துவிடுவேன். அத்தையால் கடலை மெல்ல முடியாது. பொட்டுக்கடலையை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பொடித்துக் கொடுத்தால் ஸ்பூனில் அள்ளிச் சாப்பிடுகிறார். இன்றைக்கு இட்லிதான் வேண்டும் என்றால் நாலு இட்லி வேகவைக்க எனக்குக் கஷ்டமில்லை.

ஒன்றில் மட்டும் அந்த வாசகரோடு நானும் ஒத்துப்போகிறேன். பாக்கெட்டைப் பிரித்துச் சிப்ஸும் மிக்சரும் தட்டில் கொட்டினால் அது சாப்பாடு ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கார வகைகளில் ரெண்டு கைப்பிடி அள்ளினாலே அதில் ஒரு பங்கு போய்விடும். எங்கள் வீட்டில் கடையில் வாங்கியது தட்டில் ஒன்றே ஒன்றுதான். அது தட்டுவடையாக இருந்தால், சேலத்துக்காரி நான், செட் போடாமல் விடமாட்டேன். ஒரு தட்டுவடை மேல் புதினா சட்னி, காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன்மேல் இன்னொரு தட்டுவடை. ரெண்டு தட்டுவடைக்கு நடுவே ஒரு பிடி காய் உள்ளே போய்விடுகிறது.

சோம்பல் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், அதே வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம் என்று வந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு அந்த நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து கடலை உரிப்பவளைச் சோம்பேறி என்று எழுத அந்த வாசகருக்கு எப்படி மனசு வந்தது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாராவாரம் இரண்டு பக்கத்துக்குச் சமையல் குறிப்பு போடுகிறீர்கள், அரைத்து வறுத்துத் தாளிக்கும் குறிப்புகள். ஒரே ஒரு இதழில் ராத்திரி அடுப்புப் பக்கம் போகாமல் சாப்பிடுவதற்கு என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஊர் ஊராக வாசகிகளைக் கேளுங்கள். கோவில்பட்டிக்காரர் கடலைமிட்டாயோடு என்ன வைப்பார், மணப்பாறைக்காரர் முறுக்கோடு என்ன வைப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எங்கள் வீட்டுத் தட்டில் என்னென்ன இருக்கும் என்பதை அத்தையே சொல்லி எழுதவைக்கிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.