பழைய கூட்டணி: எடின்பரோவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சிவஞானம் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. நான் மகள் வீட்டில் நலமாக இருக்கிறேன். ஸ்காட்லாந்துக்கும் பிரான்சுக்கும் இருந்த பழைய கூட்டணியில், எதிரிக்கு எதிரி நண்பன் என்பதைத் தவிர வேறென்ன இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். இங்கு வந்த நாள் முதல் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் நீங்கள் சொல்வதுபோலத்தான். 1295-இல் ஸ்காட்லாந்து அரசர் ஜான் பேலியலின் தூதர்கள் பாரிசில் பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்புடன் உடன்படிக்கை செய்தார்கள். இருவரில் ஒருவரை இங்கிலாந்து தாக்கினால் மற்றவர் இங்கிலாந்தின் மீது படையெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டே இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தின் பெரிக் நகரைச் சூறையாடி, பேலியலை அரியணையிலிருந்து இறக்கினார். பிரான்சோ 1303-இல் எட்வர்டுடன் சமாதானம் செய்துகொண்டபோது ஸ்காட்லாந்தை அதில் சேர்க்கவே இல்லை. ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான் நடந்தது. இப்படிக் கைவிடப்பட்ட பிறகும் 1326-இல் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் அந்தக் கூட்டணியைப் புதுப்பித்தார் என்றால், ஸ்காட்லாந்துக்கு வேறு போக்கிடம் இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரின்போது, உடன்படிக்கை எழுதிய அரசர்களைத் தாண்டி, சாதாரண மனிதர்கள் இதற்குள் வருகிறார்கள். அஜின்கூர் களத்தில் ஆங்கிலேயரிடம் தோற்ற பின் பிரான்ஸ் நிலைகுலைந்து கிடந்தபோது, 1419-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் கப்பலேறிச் சென்றார்கள். 1421-இல் ஈஸ்டருக்கு முதல் நாள் போஜே என்ற ஊரில் அவர்களும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து ஆங்கிலேயரை முறியடித்தார்கள். இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியின் தம்பி கிளாரன்ஸ் கோமகன் அங்கேயே மடிந்தார். மூன்றே ஆண்டுகளில், 1424 ஆகஸ்டில், வெர்னோய் களத்தில் அந்த ஸ்காட்லாந்துப் படை ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தூரேன் பகுதியின் கோமகனாக ஆக்கப்பட்டிருந்த ஸ்காட்லாந்துப் பிரபு ஆர்ச்சிபால்ட் டக்ளஸ், தம் மகனோடும் மருமகனோடும் ஒரே நாளில் விழுந்தார். அவரைத் தூர் நகரத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். சொந்த மண்ணைக் காக்கவா அவர்கள் அவ்வளவு தொலைவு போய் மாண்டார்கள் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எஞ்சியவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. பிரெஞ்சு அரசரின் மெய்க்காவல் படையில் ஸ்காட்லாந்து வீரர்கள் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்றார்கள். கடந்த கோடையில் மகளும் நானும் பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள ஓபின்யி என்ற சிற்றூருக்குப் போயிருந்தோம். 1423-இல் ஜான் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துத் தளபதிக்கு அளிக்கப்பட்ட ஊர் அது. 1512-இல் ஊரே தீக்கிரையானபோது, அவர் வழிவந்த ராபர்ட் ஸ்டூவர்ட் தம் காட்டு மரங்களைக் கொடுத்து வீடுகளை மீண்டும் எழுப்பச் செய்தார். கறுத்துப்போன அந்த மரச்சட்டங்கள் தெருவோரச் சுவர்களில் இன்றும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டூவர்ட்டுகளின் கோட்டை வீட்டில் இப்போது நகராட்சி அலுவலகம் நடக்கிறது.

1513-இல் பிரான்சுக்காக இங்கிலாந்தின் மீது படையெடுத்த ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ், ஃப்ளாடன் களத்தில் உயிரிழந்தார். எதிர்த் தரப்பின் அரசர் எட்டாம் ஹென்றி அவருடைய சொந்த மைத்துனர்.

கூட்டணியை முறித்தது பகைவர் அல்லர் என்பதே என் கருத்து. ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரி, 1558-இல் பிரெஞ்சு இளவரசரை மணப்பதற்குச் சில நாட்களுக்கு முன், தமக்கு வாரிசு இல்லாமல் போனால் ஸ்காட்லாந்து பிரெஞ்சு அரசருக்கே சேரும் என்ற இரகசிய ஆவணத்தில் கையெழுத்திட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. துணைக்கு வந்தவர்கள் சொந்தக்காரர்களாக மாறப் பார்த்தார்கள். பிரெஞ்சுப் படை எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் கோட்டை கட்டி அமர்ந்திருந்த நிலையில், சீர்திருத்தச் சமயத்தை (புராட்டஸ்டன்ட்) தழுவிய ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் இங்கிலாந்தின் உதவியையே நாடினார்கள். 1560 ஜூலையில் எடின்பரோ உடன்படிக்கையோடு அந்நியப் படைகள் வெளியேறின, கூட்டணியும் முடிந்தது.

ஆயினும் பிரான்சின் போர்தோவிலிருந்து திராட்சை மது லீத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சொற்களும் போகவில்லை. இங்கே இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடைக்கு ஜிகோ என்ற பிரெஞ்சுப் பெயர்தான். போன ஞாயிறு பக்கத்து வீட்டு மூதாட்டி, அடுப்பில் சுட்ட கோழியை நீள்வட்டமான பெரிய பீங்கான் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்து, “ஆஷெட்டைத் திருப்பித் தர அவசரமில்லை” என்றார். தட்டைக் குறிக்கும் ‘அசியெத்’ என்ற பிரெஞ்சுச் சொல்தான் அது என்று உறைத்தபோது, உங்கள் கேள்விக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஆஷெட் இன்னும் எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. மகள் அதிரசத்துக்கு மாவு பிசைந்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
இராமநாதன்