கையெழுத்திட மறுத்தவர்களின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உருவான விதம் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை ஃபிலடெல்ஃபியாவில் கதவடைத்து நடந்த மாநாட்டையும், சட்டமியற்றும் அவை, ஆட்சித்துறை, நீதித்துறை என்று அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதையும் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருந்தார். ஆனால், கையெழுத்தானதோடு வேலை முடிந்துவிட்டதுபோல் அவர் நிறுத்திக்கொண்டது எனக்குக் குறையாகப் பட்டது. அந்த மக்களாட்சியின் அடித்தளத்தில் ஏறத்தாழப் பாதி, அதன்பின் நடந்த வாக்குவாதத்தில்தான் போடப்பட்டது என்பது என் எண்ணம்.

மாநாட்டில் கலந்துகொண்ட 55 பேரில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் முன்பே ஊர் திரும்பிவிட்டனர். கடைசி நாள்வரை இருந்தும் மறுத்தவர்கள் மூவர். அவர்களுள் ஒருவரான வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், குடிமக்களின் உரிமைகளை உறுதிசெய்யும் சாசனம் அதில் இல்லை என்பதையே தம் ஆட்சேபங்களில் முதலாவதாக வைத்தார். மாநாடு முடிய ஐந்து நாள் இருக்கையில், அப்படியொன்றை வரைவதற்குக் குழு அமைக்கலாம் என்று கொண்டுவரப்பட்ட யோசனைக்கு ஒரு மாநிலத்தின் வாக்குகூடக் கிடைக்கவில்லை.

பதின்மூன்று மாநிலங்களில் குறைந்தது ஒன்பது ஏற்றால்தான் சட்டம் செல்லும் என்பது ஏற்பாடு. ஆகவே விவாதம் நாளிதழ்களுக்கு வந்தது. சட்டத்தை ஆதரித்த ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளில் பெரும்பாலானவை நியூயார்க் பத்திரிகைகளில், அம்மாநில மக்களை விளித்து எழுதிய கடிதங்களாகவே வெளிவந்தன. (ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் எங்களைப் போன்றோருக்கு இதில் சிறிது பெருமை உண்டு.) எதிர்த்தரப்பில் 'புரூட்டஸ்' என்ற பெயரில் எழுதியவர், இவ்வளவு பரந்த நிலப்பரப்பு ஒரே குடியரசாக நிலைக்க முடியுமா என்று கேட்டதோடு, மத்திய நீதிமன்றங்கள் நாளடைவில் மாநிலங்களின் அதிகாரத்தை விழுங்கிவிடும் என்றும் எச்சரித்தார். நாடு பெரிதாக இருந்தால் நலன்களும் பலவாக இருக்கும், எனவே ஒரே கூட்டம் பெரும்பான்மையாகத் திரண்டு மற்றவர்களை ஒடுக்குவது கடினம் என்பது மாடிசனின் பதில். உரிமைச் சாசனம் தேவையற்றது, ஆபத்தானதும்கூட என்று ஹாமில்டன் வாதிட்டார். இந்த இடத்தில் அவர் வாதம் எனக்கு ஒப்பவில்லை, அன்றைய மக்கள் பலருக்கும் ஒப்பவில்லை.

வாக்குக் கணக்கே அதைக் காட்டுகிறது. 1788இல் மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்ற கணக்கில், அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்தே ஏற்றது. பின்னர் வர்ஜீனியாவில் 89க்கு 79. நியூயார்க்கில் 30க்கு 27. உரிமைச் சாசனத்தைத் தொடக்கத்தில் பெரிதாக மதிக்காத அதே மாடிசன், 1789இல் பிரதிநிதிகள் அவையில் தாமே திருத்தங்களை முன்மொழிய நேர்ந்தது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிய பன்னிரண்டில் பத்து, 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், வழிபாட்டுரிமை என்று இன்று உலகம் அறிந்தவையெல்லாம் அவற்றில்தான் உள்ளன.

எதிர்த்தவர்களை நான் புனிதர்களாக்கவில்லை. மேசனே அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்துவிட்டு, பிரதிநிதிகள் அவையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுகையில் 'பிற நபர்கள்' ஐவரை மூவராகக் கணக்கிட்ட சட்டம் அது. அடிமை இறக்குமதிக்கு 1808 வரை காங்கிரஸ் தடைவிதிக்க முடியாது என்றும் அதில் எழுதிவைத்தனர். அந்தப் பத்துத் திருத்தங்களும்கூட மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தின, மாநிலங்களை அல்ல என்று 1833இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த பதினான்காவது திருத்தத்தின் வழியாக, அதுவும் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தீர்ப்புகளால்தான், அவை ஒவ்வொன்றாக மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தத் தொடங்கின.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், 1788ஆம் ஆண்டிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.